ஒன்றியத்திற் சேருமுன் ஒன்றாதல்: ஊவா மலைநாடு புகட்டும் பாடம்

புதிதாக மக்களாட்சி எய்திய நாடொன்று அயல்நாடுகள் கூடிய அரசியல் ஒன்றியத்திற் சேர விரும்பின், அதற்குத் துணைபுரியும் முறை யாது? அரசியல் நூல் பயிலும் மாணவர்கள் நம்மிடம் வினவும் வினாக்களுள் இஃதொன்று. 2025ஆம் ஆண்டு ஒற்றோபர் 26ஆம் நாள், கோலாலம்பூரிற் கூடிய மாநாட்டிலே கிழக்குத் திமோர் ஆசியான் அமைப்பின் பதினோராவது உறுப்பு நாடாகச் சேர்க்கப்பட்டபின் இவ்வினா மேலுங் கூர்மை பெற்றுள்ளது. இதற்கு விடை காணப் பிறநாட்டு வரலாறு நமக்கு உதவும். எனினும் நம் கல்லூரி விடுதியிலே தங்கிப் பயின்ற மாணவர் பலரின் பிறந்தகமாகிய பதுளையும், அதனைச் சூழ்ந்த ஊவாத் தோட்டங்களும் அவ்விடையை வேறெந்நூலினுந் தெளிவாக எழுதி வைத்திருக்கின்றன என்பது நம் கருத்து. அதனை இவ்விழா மலர் வாயிலாக எடுத்துரைக்க முயல்கின்றோம்.

1. ஒன்றியத்தின் வாயில்

நாடுகளின் ஒன்றியத்திற் சேர்தல், சங்கமொன்றுக்குச் சந்தா செலுத்தி அங்கத்தவராதல் போன்ற எளிய செயலன்று. சேரும் நாடு தன் இறைமையின் ஒரு கூற்றை ஏனைய நாடுகளோடு பகிர்ந்துகொள்ள இசைகின்றது. ஆகலின் உள்ளே இருப்போர், வர விரும்புவோரின் இல்லத்து நடைமுறையை அறிய விழைதல் இயல்பேயாம்.

இதனை ஐரோப்பிய நாடுகள் 1993ஆம் ஆண்டு யூன் மாதம் கோப்பன்ஹேகன் நகரில் மூன்று நிபந்தனைகளாக வகுத்தன. மக்களாட்சியையும் சட்டத்தின் ஆட்சியையும் மனித உரிமைகளையும் நிலைநாட்டிச் சிறுபான்மையோரைக் காக்கும் உறுதியான நிறுவனங்கள் இருத்தல் முதலாவது. போட்டியைத் தாங்கவல்ல சந்தைப் பொருளாதாரம் இருத்தல் இரண்டாவது. ஒன்றியத்தின் கடப்பாடுகளை ஏற்று நடத்தும் ஆற்றல் மூன்றாவது. முதல் நிபந்தனையிலேயே சிறுபான்மையோர் என்னுஞ் சொல் இடம்பெற்றிருத்தலை மாணவர்கள் ஊன்றி நோக்குக.

ஆசியானின் வழி சற்று வேறானது. 2008ஆம் ஆண்டு நடைமுறைக்கு வந்த அதன் சாசனம், சேரும் நாடு தென்கிழக்காசியாவில் அமைந்திருத்தல் வேண்டும், உறுப்பு நாடுகள் யாவும் அதனை ஏற்றல் வேண்டும், சாசனத்துக்குக் கட்டுப்படவும் கடமைகளை நிறைவேற்றவும் அந்நாடு இசைதலும் வல்லதாதலும் வேண்டும் என்று விதிக்கின்றது. 1967ஆம் ஆண்டு ஓகஸ்ட் 8ஆம் நாள் பாங்கொக் நகரில் அவ்வமைப்பைத் தோற்றுவித்துக் கையொப்பமிட்ட ஐவருள், சிங்கப்பூரின் சார்பிற் கையொப்பமிட்ட எஸ். இராசரத்தினம் யாழ்ப்பாணத்து வட்டுக்கோட்டையிற் பிறந்தவர். மலாயாவின் இறப்பர்த் தோட்டச் சூழலில் வளர்ந்தவர். தோட்டத்தில் வளர்ந்த தமிழர் ஒருவர் கையொப்பமிட்டுத் தோற்றுவித்த அமைப்பென்பதனை நாம் பெருமையோடு நினைவுகூரலாம்.

கிழக்குத் திமோர் 1999இல் மக்கள் வாக்கெடுப்பினால் தன் விருப்பத்தை உலகறியச் செய்து, 2002ஆம் ஆண்டு மே 20ஆம் நாள் சுதந்திர நாடாயிற்று. 2011இல் ஆசியானிற் சேர விண்ணப்பித்தது. 2022 நவெம்பரிற் கொள்கையளவில் ஏற்கப்பட்டு, கூட்டங்களில் நோக்குநராக அமரும் உரிமை பெற்றது. எவ்வெவற்றைச் செய்து முடித்தல் வேண்டுமென்னும் வழிப்படம் 2023இல் வகுக்கப்பட்டது. உறுப்பு நாடுகள் அதன் உத்தியோகத்தர்க்குப் பயிற்சியளித்தன. விண்ணப்பத்திலிருந்து வாயில் கடந்த நாள்வரை பதினான்கு ஆண்டுகள் சென்றன. துணைபுரிதலென்பது கதவை உடனே திறந்துவிடுதலன்று. கதவருகே நின்று கற்பித்தலும் காத்திருத்தலுமே என்பது இதனாற் புலப்படும்.

2. வாயிலிலே கேட்கப்பட்ட வினா

நம் ஆராய்ச்சிக்கு இன்னும் நெருங்கியது லத்வியா என்னும் சிறுநாட்டின் கதை. சோவியத் ஆட்சியினின்றும் 1991இல் மீண்ட அந்நாடு, 1940ஆம் ஆண்டுக்குமுன் தன் பிரசைகளாயிருந்தோர்க்கும் அவர்தம் வழித்தோன்றல்களுக்குமே பிரசாவுரிமை உண்டென்று கொண்டது. இடைப்பட்ட ஐம்பது ஆண்டுகளிற் குடியேறி, ஆலைகளில் உழைத்து, அங்கேயே மக்களைப் பெற்ற ஏழு இலட்சத்துக்கு மேற்பட்டோர், பெரும்பாலும் ருசிய மொழி பேசுவோர், பிரசையல்லாதோராயினர். பாட்டன் எங்கே பிறந்தான் என்பதே பேரனின் வாக்குரிமையைத் தீர்மானித்தது. ஊவாவினர்க்கு இவ்வாக்கியம் புதிதன்று.

1994ஆம் ஆண்டின் சட்டம் வயதுக்கேற்பப் படிப்படியாகவே பிரசாவுரிமைக்கு விண்ணப்பிக்க இடந்தந்தது. ஐரோப்பியப் பாதுகாப்பு ஒத்துழைப்பு அமைப்பின் சிறுபான்மையோர் விவகார உயர் ஆணையாளராயிருந்த மக்ஸ் வான் டெர் ஸ்தூல், கடிதங்கள் வாயிலாகவும் நேரிற் சென்றும் அச்சட்டத்தைத் தளர்த்துமாறு பன்முறை அறிவுறுத்தினார். ஐரோப்பிய ஒன்றியமும் அவ்வாறே வற்புறுத்தியது. அத்துடன் நில்லாது, லத்விய மொழியைக் கற்பிக்கும் திட்டத்துக்கு ஐக்கிய நாடுகள் அபிவிருத்தித் திட்டமும் ஒன்றியமும் பொருளுதவி செய்தன. குறை கூறியோரே குறை தீர்க்கவும் பணம் ஈந்தமை கவனிக்கற்பாலது.

1998இல் லத்வியப் பாராளுமன்றம் வயதுக் கட்டுப்பாட்டை நீக்கியதுடன், சுதந்திரத்தின்பின் அந்நாட்டிற் பிறந்த பிள்ளைகள் பிரசைகளாகப் பதிவு பெறவும் வழி செய்தது. எதிர்த்தோர் அதனை மக்கள் தீர்ப்புக்கு விடுத்தனர். அவ்வாண்டு ஒற்றோபர் 3ஆம் நாள் நிகழ்ந்த வாக்கெடுப்பில், நூற்றுக்கு ஏறத்தாழ 53 பேர் திருத்தத்தை ஆதரித்தனர். 2004ஆம் ஆண்டு மே முதலாம் நாள் லத்வியா ஒன்றியத்தின் உறுப்பு நாடாயிற்று.

ஈண்டு இரண்டு செய்திகள் தெளிவாகின்றன. வெளியார் வினா எழுப்பினர். விடையளித்தவர் அந்நாட்டு வாக்காளரே. அன்றியும், வாயிலைக் கடந்தபின் வற்புறுத்தல் தளர்ந்தது. பிரசையல்லாதோரின் பிள்ளைகள் பிறப்பினால் தாமாகவே பிரசைகளாகும் முறை 2020ஆம் ஆண்டிலேதான் வந்தது. பிரசையல்லாதோர் இன்றும் அங்கே உளர். வெளியார் துணைக்கு வலிமையும் உண்டு, எல்லையும் உண்டு.

3. ஊவா சொல்லும் கதை

இனி நம் மலைகளுக்குத் திரும்புவோம். கொழும்பிலிருந்து மலையேறும் புகையிரதப் பாதை அப்புத்தளை, பண்டாரவளை, தெமோதரை கடந்து பதுளையில் முடிகின்றது. 1924இல் அப்பாதை பதுளையை எட்டுமுன்பே, தமிழகத்திலிருந்து வந்தோர் காடு திருத்தி, முதலிற் கோப்பியையும் பின்னர்த் தேயிலையையும் நாட்டினர். கச்சான் காற்று வீசும் யூலை முதல் செத்தெம்பர் வரையிலான காலத்துத் தேயிலைக்குரிய மணம் உலகச் சந்தையில் ஊவாவின் பெயரை நிலைநாட்டியது. கொழுந்தின் பெயர் கடல் கடந்தது. கொழுந்து கொய்தோரின் பெயர் வாக்காளர் இடாப்பில் நிலைக்கவில்லை.

இதனைக் கூறுமிடத்து ஊவாவின் சிங்களக் கிராமத்தவர் பட்ட துயரையும் மறத்தல் நீதியாகாது. 1818ஆம் ஆண்டு ஊவா வெல்லஸ்ஸக் கிளர்ச்சியை ஆங்கிலேயர் கொடுமையாக அடக்கினர். 1840ஆம் ஆண்டின் முடிக்குரிய காணிச் சட்டத்தால் கிராமத்தவர் பயன்படுத்திய காடும் மேய்ச்சல் நிலமும் அரசுக்குரியனவாயின. தோட்டங்கள் எழுந்தது அவ்வாறு கொள்ளப்பட்ட நிலத்திலேயாம். நிலம் இழந்தவன் அந்நிலத்திற் குடியேற்றப்பட்டவனை ஐயுற்றான். இழப்பித்தவனோ இருவர்க்கும் மேலே துரைமாளிகையில் வீற்றிருந்தான்.

1931இல் இலங்கையருக்குச் சர்வசன வாக்குரிமை கிடைத்தபொழுது, தோட்டத் தமிழர்க்கு அது வதிவிட நிபந்தனைகளோடு வந்தது. எனினும் மக்களாட்சியை அவர்கள் விரைந்து கற்றனர். 1940இல் பதுளைப் பகுதியிலுள்ள வேவெஸ்ஸத் தோட்டத்திலே வேலைநிறுத்தஞ் செய்த தொழிலாளர் தமக்குள் ஓர் அவையைத் தெரிவு செய்தனர். தோட்டத்துரை அவ்வவையோடு கலந்து கருமமாற்ற இணங்கினார். 1947ஆம் ஆண்டுப் பொதுத் தேர்தலில் இலங்கை இந்தியன் காங்கிரசின் எழுவர் பாராளுமன்றம் புகுந்தனர். அவருள் ஒருவர், இரட்டை அங்கத்தவர் தொகுதியாயிருந்த பதுளையிலிருந்து தெரிவான எஸ். எம். சுப்பையா.

அடுத்த ஆண்டே சுதந்திரம் வந்தது. சுதந்திரத்தோடு பிரசாவுரிமைச் சட்டமும் வந்தது. 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கச் சட்டத்தின்படி, இந்நாட்டிற் பிறந்த ஒருவர் மரபுவழிப் பிரசையாதற்குத் தம் தந்தை இங்கே பிறந்தாரென்றோ, தந்தைவழிப் பாட்டனும் முப்பாட்டனும் இங்கே பிறந்தனரென்றோ காட்டுதல் வேண்டும். பிறப்புச் சாட்சிப் பத்திரம் அரிதாயிருந்த லயன்களிலே பாட்டன் பிறப்புக்குச் சான்று எங்குளது? 1949ஆம் ஆண்டின் 3ஆம் இலக்கச் சட்டம் இந்திய, பாகிஸ்தானிய வதிவோர்க்கு விண்ணப்ப வழியொன்றைத் திறந்தது. எட்டு இலட்சத்துக்கு மேற்பட்டோரின் பொருட்டு விண்ணப்பங்கள் சென்றன. ஏறத்தாழ 1,34,000 பேரே பிரசைகளாக ஏற்கப்பட்டனர். 1949இல் மற்றொரு சட்டம் வாக்குரிமையைப் பிரசாவுரிமையோடு பிணைத்தது. 1952ஆம் ஆண்டுத் தேர்தலிலே தோட்ட மக்களின் பெரும்பகுதியினர் வாக்குச்சாவடி வாயிலை அணுகவில்லை. கோடக்கன்பிள்ளை வழக்கு இலண்டன் கோமறைக்கழகம் வரை சென்று, 1953இல் அச்சட்டங்கள் செல்லுமென்றே தீர்ப்பாயிற்று.

பின்னர் 1964ஆம் ஆண்டு ஒற்றோபர் 30ஆம் நாள், இலங்கைப் பிரதமர் சிறிமாவோ பண்டாரநாயக்காவும் இந்தியப் பிரதமர் லால் பகதூர் சாஸ்திரியும் ஒப்பந்தஞ் செய்தனர். நாடற்றோர் 9,75,000 பேரெனக் கணிக்கப்பட்டனர். அவருள் 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு. எஞ்சிய 1,50,000 பேரைப் பற்றிப் பின்னர் முடிவு. அப்பின்னர் 1974இல் வந்தது. ஆளுக்குப் பாதியாக 75,000 பேர் வீதம் பிரிக்கப்பட்டனர். வகுத்தற் கணக்கைப் பள்ளியிற் பயின்ற நமக்கு, வகுக்கப்படும் எண் மனிதராயிருக்கும் கணக்கை இவ்வொப்பந்தங்களே காட்டின.

அக்கணக்கு நம் வகுப்பறைக்குள்ளும் வந்தது. 1970களின் பிற்பகுதியில் நாம் கீழ்வகுப்பிற் பயின்றகாலை, பசறைப் பக்கத்துத் தோட்டமொன்றிலிருந்து வந்து விடுதியில் தங்கிய தோழரொருவர் நம்முடன் ஒரே வாங்கில் இருந்தார். கணக்கிலே நம் அனைவரையும் விஞ்சியவர். தவணை விடுமுறை கழிந்து நாம் திரும்பியபோது அவரிடம் வெறிதாயிருந்தது. குடும்பத்துக்குக் கடவுச்சீட்டு வந்துவிட்டது என்று விடுதியில் அறிந்தோம். மூத்த தமையனுக்கு இலங்கைப் பிரசாவுரிமை; தாய் தந்தையர்க்கும் இவர்க்கும் இந்தியா. தாம் என்றுமே கண்டிராத ஊரொன்றுக்கு அவர் சென்றார். தலைமன்னாருக்கு அத்தகையோரை ஏற்றிச் சென்ற வண்டியை மலைநாட்டு மக்கள் ‘அழுகைக் கோச்சி’ என்றனர். அவர் விட்டுச்சென்ற கேத்திரகணிதப் பெட்டியை ஆசிரியர் நெடுநாள் தம் மேசையறையில் வைத்திருந்தார். கேட்டு வருவார் ஒருவருமிலர்.

4. நம் பிராந்தியத்திற் கேட்கப்படாத வினா

லத்வியாவிலே வெளியார் வினா எழுப்பினர். நம் பிராந்தியத்தில் எழுப்பினார் யாவர்? 1985ஆம் ஆண்டு டிசெம்பர் 8ஆம் நாள் டாக்கா நகரிலே ஏழு நாடுகள் கூடித் தென்னாசியப் பிராந்திய ஒத்துழைப்புச் சங்கமாகிய சார்க்கைத் தோற்றுவித்தன. இலங்கை அதன் தாபக உறுப்பினருள் ஒன்று. 2007இல் ஆப்கானிஸ்தான் எட்டாவது நாடாகச் சேர்ந்தது. அதன் சாசனத்தின் பத்தாம் உறுப்புரை, தீர்மானங்கள் யாவும் ஏகமனதாதல் வேண்டும் என்றும், இருநாட்டுப் பிணக்குகளும் சச்சரவுக்குரியனவும் ஆலோசனையினின்று விலக்கப்படும் என்றும் கூறுகின்றது. இலங்கைக்கும் இந்தியாவுக்கும் இடையே பங்கிடப்பட்ட மக்களின் துயரைவிட இருநாட்டு விவகாரம் வேறெதுவுண்டு? ஆகலின் அச்சபையில் அதனைப் பேசுதற்கே இடமில்லாது போயிற்று. 2014ஆம் ஆண்டுக் காத்மண்டு மாநாட்டின்பின் அச்சங்கத்தின் அரசுத் தலைவர் மாநாடும் கூடவில்லை.

சச்சரவை விலக்கியதனாலன்றோ பகைமையுற்ற நாடுகளும் ஒரு மேசையில் அமர்ந்தன என்று சிலர் வாதிப்பர். அவ்வாதத்தில் உண்மை இல்லாமலில்லை. ஆனால் மேசையின் அமைதி வேறு, வீட்டின் அமைதி வேறு. வினவா ஒன்றியம் விரைவிற் கூடும். கூடியபின் செய்தற்குரியது சிறிதாகும்.

நம் நாட்டில் விடை வந்தது உள்ளிருந்தே. 1977ஆம் ஆண்டுத் தேர்தலிலே எஸ். தொண்டமான் நுவரெலியா மஸ்கெலியாத் தொகுதியிலிருந்து பாராளுமன்றத்துக்குத் தெரிவானார். தொழிற்சங்கத்தின் ஒன்றுபட்ட வலிமையாலும், 1985இல் திம்பு நகரிலே நிகழ்ந்த பேச்சில் தமிழர் தரப்பு முன்வைத்த நான்கு கோட்பாடுகளுள் மலையகத் தமிழரின் பிரசாவுரிமையும் ஒன்றாயமைந்தமையாலும் அவ்வினா மறையாது நின்றது. 1986ஆம் ஆண்டும் 1988ஆம் ஆண்டும் சட்டங்கள் வந்தன. இறுதியாக 2003ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டம், 1964ஆம் ஆண்டு ஒற்றோபர் 30ஆம் நாள் தொட்டு இந்நாட்டில் நிரந்தரமாக வாழ்ந்த இந்திய வமிசாவளியினர்க்கும் அவர்தம் வழித்தோன்றல்களுக்கும் பிரசாவுரிமை அளித்தது. அதனை எதிர்த்து நின்ற பெருங்கட்சி இல்லை என்பது சிங்கள உடன்பிறப்புக்களுக்குரிய பெருமையுமாம். எனினும் 1948 முதல் 2003 வரை ஐம்பத்தைந்து ஆண்டுகள் சென்றன. லத்வியா தன் சட்டத்தைத் தளர்த்தி ஒன்றியத்திற் புகுதற்கு எடுத்ததோ பதின்மூன்று ஆண்டுகள். கதவருகே நின்று வினவுவோர் இருத்தலின் பயன் இதுவே.

5. இன்னும் எஞ்சியிருப்பவை

பிரசையாயினோர் ஊராட்சியிலும் சேர்ந்துவிட்டனரா? 1987ஆம் ஆண்டின் பிரதேச சபைச் சட்டம், தோட்டக் குடியிருப்புக்களுக்குச் சபையின் நிதியைச் செலவிடத் தடையாயிருந்தது. தோட்டத்தவர் வாக்களித்துத் தெரிவு செய்த சபை, அவர்தம் லயத்து வாயிலுக்குச் செல்லும் வழியைச் செப்பனிட இயலாதிருந்தது. 2018இல் வந்த திருத்தமே அத்தடையை நீக்கியது. நாட்டின் பிரசையாகியும் ஊரின் உறுப்பினராகாதிருந்த காலம் அது.

வீடும் காணியும் இன்னும் பெரிய வினாக்கள். 2014ஆம் ஆண்டு ஒற்றோபர் 29ஆம் நாள், கொஸ்லந்தைப் பகுதியிலுள்ள மீரியபெத்தையில் மலை சரிந்து லயன்களை மூடியது. தம் பெயரிற் காணியுடையோர் அபாயமுள்ள இடத்தை விட்டு வேறிடம் நாடலாம். தோட்டத்துக்குரிய அறையில் இருப்போர்க்குச் செல்லுமிடம் யாது? வீட்டுக்கு இலக்கமும் தெருவுக்குப் பெயருமின்றித் தோட்டத்தின் பெயரையே முகவரியாக எழுதும் குடும்பங்கள் பல. கடிதம் தோட்டக் காரியாலயம் வரை வரும். உரியவர் கைக்கு எப்பொழுது வருமென்பது வேறு கதை.

எனினும் நம்பிக்கைக்குக் காரணம் இல்லாமலில்லை. 2024ஆம் ஆண்டுப் பொதுத் தேர்தலிற் பதுளை மாவட்டத்திலிருந்து அம்பிகா சாமுவேலும், நுவரெலியா மாவட்டத்திலிருந்து கிருஷ்ணன் கலைச்செல்வியும் தெரிவாகினர். மலையகப் பெண்கள் இந்நாட்டுப் பாராளுமன்றத்துக்குத் தெரிவானமை அதுவே முதன்முறை. கொழுந்துக் கூடையைச் சுமந்தவர் பெரும்பாலும் பெண்களேயாதலின், அவர் குரல் அங்கே ஒலித்தற்கு இத்துணைக் காலஞ் சென்றமை வியப்பன்று, வருத்தத்துக்குரியதே.

6. மாணவர்க்கு ஒரு சொல்

இனி நாம் தொடங்கிய வினாவுக்கு விடை கூறுவோம். இளைய மக்களாட்சியொன்று ஒன்றியத்திற் சேரத் துணைபுரிவோர் மூன்று செய்தல் வேண்டும். முதலாவது, உன் மக்கள் அனைவரும் உன்னைச் சேர்ந்தவராயினரா என்று வாயிலிலேயே வினவுதல். இரண்டாவது, வினவியதோடு அமையாது, மொழி கற்பித்தலும் உத்தியோகத்தரைப் பயிற்றலும் பொருள் ஈதலுமாகிய துணைகளைப் புரிதல். மூன்றாவது, இறுதித் தீர்ப்பை அந்நாட்டு மக்களிடமே விடுத்துப் பொறுத்திருத்தல். முதலாவதின்றி ஏனையன செய்தால், மேலே உள்ளோர் மாத்திரம் மாளிகையிற் கூடுவர். லயத்தில் உள்ளோர் வெளியே நிற்பர்.

இலங்கை இன்று கீழ்த்திசை நாடுகளின் பொருளாதாரக் கூட்டுக்களை நாடி நிற்கின்றது. நாளை அரசியல் ஒன்றியமொன்றின் வாயிலிலும் நிற்கக்கூடும். அன்று அவ்வினாவை அயலார் எழுப்புமுன் நாமே எழுப்புதல் நன்று. நம் கல்லூரியில் வட்டுக்கோட்டைப் பிள்ளையும் பசறைப் பிள்ளையும் ஒரே வாங்கிலிருந்து பயின்றனர். ஒரே பந்தியில் உண்டனர். வெள்ளிதோறும் ஒரே தேவாரத்தைப் பாடினர். ஆயினும் மலைநாட்டுத் தோழரைத் தோட்டத்தான் என்று நம்முள் எவரும் ஒருநாளேனும் இகழ்ந்ததில்லை என்று நெஞ்சறிய நாம் கூறமுடியுமா? முடியாது. அவ்விகழ்ச்சியும் ஒரு பிரசாவுரிமைச் சட்டமே. அதனை இயற்றியது பாராளுமன்றமன்று, நாமே. அதனை நீக்குதற்கும் வேறெவர் வாக்கும் வேண்டுவதில்லை.

பழைய மாணவர் சங்கம் இவ்விழா ஆண்டிலே ஊவாத் தோட்டப் பிள்ளைகளின் மேற்படிப்புக்கென ஒரு நிதியை நிறுவுமாயின், அவ்வெறுமையான வாங்கிடம் ஒருவாறு நிரம்பும். நாடுகளின் ஒன்றியம் நம் காலத்திற் கூடினுங் கூடாதொழியினும், ஒரு வகுப்பறையின் ஒன்றியத்தை நிறைவுசெய்தல் நம் கைக்கு எட்டியதேயாம்.

கல்லூரித் தாய் நீடு வாழ்க.